நம் வீடு அந்த ஆளின் வழியில் இல்லை

கண்ணு,

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து நீ போட்ட போனை நான் முழுசாகக் கேட்டேன். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அப்படி வாயை மூடிக்கொண்டிருந்தது உனக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். "என்னைக் கேட்டீங்களா அம்மா? ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க பழிவாங்கிட்டீங்க, சந்தோஷமா இருங்க. எனக்கு இதுல என்ன கிடைச்சது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் போட்டால் நீ எடுப்பதில்லை. மருமகளுக்குப் போட்டால், "அவர் தூங்குறாரு அத்தே" என்கிறாள். பட்டப்பகலில் தூங்குகிற ஆளா நீ? பாவம், அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். சரி, போனை எடுக்காவிட்டால் என்ன, கடிதத்தை வாசித்துத்தானே ஆக வேண்டும். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. ஒளித்து வைக்கிற மாதிரி இதில் எதுவும் இல்லை. ஒளித்து வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழிவாங்கினேன் என்று சொன்னாயே, அது உண்மைதான். நியாயத்துக்காகச் செய்தேன், மற்ற பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்றெல்லாம் அழகாகச் சொல்லலாம், அதுவும் பொய்யில்லை. ஆனால் அன்றைக்குக் காலையில் சேலை கட்டும்போது என் மனசில் இருந்தது நியாயம் இல்லை. அந்த ஆளின் முகம் வெளுப்பதை நான் நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. பழிவாங்குவது ஆண்டவருடைய வேலை என்று இத்தனை வருஷமாக ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொன்னார்கள். இருக்கட்டும். அவருக்கும் கூடமாட ஒத்தாசைக்கு ஓர் ஆள் வேண்டாமா?

உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்தது வேனுக்கு உள்ளே இருந்து தெரிந்தது. அதைப் பற்றி நான் எழுதமாட்டேன், அது உன்னுடையது. நான் எழுதுவது ரோட்டிலிருந்து நான் பார்த்தது. அதை நீ ஒருநாளும் என் வாயால் கேட்டதில்லை. இன்னும் கொஞ்ச நாளில் உன் கையில் ஒரு பிள்ளை இருக்கும். இப்போது கேட்டுக்கொள்.

நீ அப்போது நாலாம் வகுப்பு. சனிக்கிழமைதோறும் சபையில் சிறுவர் பாடகர் குழுவுக்குப் பயிற்சி. பாட்டுச் சொல்லிக் கொடுத்தது அந்த ஆள். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளைத் தன் வேனில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய் விடுவதும் அவனே. பிள்ளைகளுக்கு அவன் 'வேன் அங்கிள்'. பெரியவர்களுக்கு 'அண்ணே'. சபையில் எல்லாரும் அவர், அவர் என்பார்கள். எனக்கு அவன்தான், இந்தக் கடிதத்தில் அவன் பெயரை எழுதி மையை வீணாக்கப் போவதில்லை. நம் சபையின் வழக்கம் உனக்குத் தெரியும்தானே. பிள்ளையை ஒருவர் ஏற்றிக்கொண்டு போகிறார் என்றால் அது ஊழியம். ஊழியம் செய்கிறவரை யாரும் ஏன், எப்படி என்று கேட்கமாட்டார்கள். "தேங்க்ஸ் அண்ணே" என்று சொல்லிவிட்டு, தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த முறுக்கில் பாதியை அவன் வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார்கள். நானும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "இனிமே வேன்ல போகமாட்டேன்" என்றாய். ஏன் என்று கேட்டேன். "எப்பவும் என்னைத்தான் கடைசியா இறக்குறாரு" என்று மட்டும் சொன்னாய். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் எனக்கு அது போதும். சபை டவுனில். நம் பிளாட் ஜெலுத்தோங்கில். குளுகோர் பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஜெலுத்தோங்கைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நம் பிளாட்டைப் பார்த்துக்கொண்டே வேன் குளுகோருக்குப் போகிறது, அங்கே எல்லாரையும் இறக்குகிறது, பிறகு உன்னை மட்டும் வைத்துக்கொண்டு திரும்ப ஜெலுத்தோங்குக்கு வருகிறது. அந்த ஆளின் வீடு ஆயர் ஈத்தாமில். குளுகோரிலிருந்து கிரீன் லேன் ரோட்டைப் பிடித்தால் நேரே தன் வீட்டுக்குப் போய்விடலாம். முன்பு ஒருமுறை உன்னை ஏன் முதலில் இறக்கவில்லை என்று விளையாட்டாகக் கேட்டபோது, "திரும்பி வர்ற வழியிலதானே அக்கா இருக்கு உங்க வீடு" என்று சிரித்திருந்தான். நம் வீடு அவன் வழியில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை உன்னை அனுப்பவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் நடுவில் ஒருநாள், கச்சேரிக்குப் பாட்டு பாக்கி இருக்கிறது என்று அவனே உன் பள்ளிக்கூடத்துக்கு வந்து உன்னைப் பயிற்சிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டான், பயிற்சி முடியும் நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. நான் என் பள்ளிக்கூட ஆபீஸில் கிராணி வேலையை, பாதி எழுதிய பைலோடு அப்படியே போட்டுவிட்டு, என் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் சபைக்குப் போய் வேனைப் பின்தொடர்ந்தேன். வேன் ஜெலுத்தோங்கைத் தாண்டியது. குளுகோரில் நின்றது, பிள்ளைகள் இறங்கினார்கள். பிறகு கிரீன் லேன் பக்கமும் போகவில்லை, நம் வீட்டுப் பக்கமும் வரவில்லை. கடலோரம் பூட்டிக் கிடக்கிற ஒரு கிடங்குக்குப் பின்னால் போய் நின்றது. ஜன்னல்களுக்குத் திரை போட்டிருந்தது. நான் கதவைத் தட்டவில்லை, கண்ணு. ஹெல்மெட்டைக் கழற்றி முன் கண்ணாடியில் ஓங்கி அடித்தேன். ரெண்டாவது அடியில் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டது. நீ கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாய். மோட்டாரில் பின்னால் உட்காராமல் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாய், சின்னப் பிள்ளையில் உட்காருவாயே, அப்படி.

அன்றைக்கு அவன் மண்டையில் அடிக்காமல் கண்ணாடியில் அடித்துவிட்டேனே என்று இன்றைக்கும் சில நாள் அடுப்படியில் நிற்கும்போது தோன்றும். ஆறு மாதம் உள்ளே போட்டிருப்பார்கள். போட்டிருக்கட்டுமே.

சபைக் கமிட்டியைக் கூட்டினார்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். எஞ்சின் சூடாகிவிட்டது, ஆற வைக்க நிறுத்தினேன் என்று அவன் சொன்னான். உடனே கமிட்டி எதைப் பற்றிப் பேசியது தெரியுமா? கண்ணாடியைப் பற்றி. ஊழியத்துக்கு ஓடுகிற வேனின் கண்ணாடியை ஒரு சகோதரி இப்படி உடைக்கலாமா என்று. கமிட்டித் தலைவராக இருந்த அண்ணன், "உங்க பையனோட எதிர்காலத்த நினைச்சுப் பாருங்கக்கா, பேரு கெட்டுரும்லா" என்றார். கடைசியில் எல்லாரும் எழுந்து வந்து தலைமேல் கை வைத்து ஜெபம் செய்தார்கள். அவன் தலையில் இல்லை, என் தலையில். எனக்குள் கசப்பின் ஆவி இருக்கிறதாம். அந்தக் கைகளின் சூட்டை நான் மறக்கவில்லை. யார் யார் கை என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம், உனக்கு ஞாபகம் இருக்கும். நீ என் கையைப் பிடித்தபடி நின்றாய், வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் போலீஸ் நல்லவள். உன் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு என்னிடம், பையன் எப்போது பேசத் தயாராக இருக்கிறானோ அப்போது வாருங்கள், எத்தனை வருஷம் ஆனாலும் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். உன்னைப் பேசு, பேசு என்று நான் அதற்குப் பிறகு ஒருநாளும் பிடுங்கியதில்லை. அது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வாயைத் திறப்பதா வேண்டாமா என்பது ஒன்றாவது உன் கையில் இருக்கட்டும் என்று விட்டேன்.

ஸ்டேஷனுக்குப் போய்வந்த அன்று ராத்திரிதான், துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த நாள் அவர் அவனைத் தேடிப் போனார். கமிட்டி அதற்குள் முந்திக்கொண்டு அவனைக் கடல் பாலம் தாண்டி அக்கரைக்கு, புக்கிட் மெர்தாஜாம் சபைக்கு அனுப்பிவிட்டது. பிரச்சினை தீர்ந்ததாம். அப்பா அதற்குப் பிறகு சபை வாசலை மிதிக்கவில்லை. கடைசியில் பெட்டியில்தான் வந்தார். அந்த அடக்க ஆராதனையில் அவனும் வந்து முன் வரிசையில் நின்று பாட்டை எடுத்துக் கொடுத்தான், கவனித்தாயா? நான் எழுந்து, "பாட்டு வேண்டாம்" என்றேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

சில வருஷத்தில் அவன் திரும்பி வந்தான், சபையில் பதவியோடு, மூப்பராக. வேறு சபைக்குப் போய்விடுங்கள், மனசுக்கு நிம்மதி என்று எத்தனை பேர் என்னிடம் சொன்னார்கள்! நான் ஏன் போக வேண்டும்? ஞாயிறுதோறும் அவனுக்கு நேர் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவன் இடம் மாற்றினால் நானும் மாறினேன். அவன் கழுத்தில் நரை விழுந்ததை அவன் மனைவிக்கு முன்னால் நான்தான் பார்த்திருப்பேன். ஆராதனை முழுக்க அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் கை அடிக்கடி காலரைத் தடவும். பிரசங்கம் என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வாரம் தவறவிட்டதில்லை. பிள்ளைகள் பக்கம் அவன் போனால் நானும் ஏதாவது ஒரு வேலையாக அங்கே போய் நிற்பேன். மைலோ கலக்குவேன், நாற்காலி அடுக்குவேன். என்னை ஊழியத்தில் ஆர்வமுள்ள சகோதரி என்று ஒரு வருஷம் பாராட்டிச் சால்வைகூடப் போட்டார்கள்.

இப்போது புதுப் போதகர் வந்திருக்கிறார். உன் வயசுதான் இருக்கும், நல்ல பையன், பழைய கதை எதுவும் தெரியாது. யாரும் சொன்னால்தானே தெரியும். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் முகாம், பொறுப்பு நம் மூப்பர் என்று ஒரு ஞாயிறு அறிவித்தார். அடுத்த மூச்சிலேயே, தலைமைச் சபையிலிருந்து புது விதி வந்திருக்கிறது என்றார். பிள்ளைகளுக்கு நேரும் கொடுமையைத் தடுப்பது எப்படி என்று ஆன்லைனில் ஒரு பயிற்சி. ஒவ்வொருவரும் வீடியோ பார்த்து, கேள்விக்குப் பதில் சொல்லி, சான்றிதழ் எடுக்க வேண்டும். அது இல்லாதவர் முகாமிலோ ஞாயிறு பள்ளியிலோ கால் வைக்க முடியாது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் இதையே முன்பு செய்திருக்கிறோம். நான் ரிட்டையர் ஆவதற்கு முன்னால் எல்லா ஆசிரியர்களுக்கும் பதிவு செய்து கொடுத்தவளே நான்தான்.

ஆராதனை முடிந்ததும் போதகர் என்னிடம் வந்தார். "ஆன்ட்டி, உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே. பெரியவங்களுக்குப் போன்ல தட்டத் தெரியாது. நீங்களே எல்லாருக்கும் உட்கார்ந்து செஞ்சு கொடுத்துருங்களேன். மூப்பருக்கும் சேர்த்து."

யோசித்துப் பார், கண்ணு. அந்த ஆள் பிள்ளைகளிடம் போகத் தகுதியானவன் என்று அவனுக்குப் பதிலாக நான் என் விரலால் அமுக்க வேண்டும். போதகர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நம் சபையில் எல்லாமே அப்படித்தானே. ஒருத்தர் ஜெபித்தால் எல்லாரும் ஜெபித்த மாதிரி, ஒருத்தர் படித்தால் எல்லாரும் படித்த மாதிரி. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. ஆனால் அடுத்த நிமிஷம் ஒரு யோசனை வந்தது, அது வந்ததும் உடம்பு குளிர்ந்துவிட்டது. "ஆளுக்குப் பதிலா நான் அமுக்கமாட்டேன் பாஸ்டர். எல்லாரையும் ஹாலுக்கு வரச் சொல்லுங்க. பழைய கமிட்டிக்காரங்க, மூப்பருங்க, ஒருத்தர் விடாம. புக்கிட் மெர்தாஜாம் சபை ஆளுங்களையும் கூப்பிடுங்க. நான் கேள்விய தமிழ்ல வாசிக்கறேன், அவங்கவங்க கையால அமுக்கட்டும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

சனிக்கிழமை காலையில் ஹால் நிறைந்துவிட்டது. பெரிய திரை, ஆளுக்கொரு போன், பின்னால் மீ கோரெங் நூடுல்ஸும் தேத்தண்ணியும். அவன் முன் வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். நான் எதற்குக் காத்திருந்தேன் என்றால், கேள்விகள் வரும்போது அவன் வேர்க்க வேண்டும், தடுமாற வேண்டும், எல்லார் முன்னாலும் தப்பாக அமுக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் சேலையை அத்தனை நேர்த்தியாகக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒரு கேள்வி வந்தது. தொண்டர் ஒருவர் வாராவாரம் ஒரே பிள்ளையைத் தனியாக வண்டியில் கொண்டுபோய் விட முன்வருகிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக அவன் முகத்தைப் பார்த்து வாசித்தேன்.

"இதுல என்ன தப்பு இருக்கு? நம்ம பிள்ளைங்கள நாமதானே கொண்டு விடணும்?" என்றார் கமிட்டித் தலைவராக இருந்த அண்ணன். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

அவன் கையைத் தூக்கினான். "தப்பு அண்ணே. தனியா ஏத்தக்கூடாது. இன்னொரு பெரியவங்க வண்டில இருக்கணும். பெத்தவங்களுக்கு எந்த வழி, எத்தன மணின்னு தெரிஞ்சிருக்கணும். ஒரே பிள்ளைக்கு மட்டும் தனியா அக்கறை காட்டுனா அதுவே ஒரு அடையாளம்." அத்தனையும் சரி. கைதட்டினார்கள். அவன் எதையும் தவறவிடவில்லை. பிள்ளைக்கு முதலில் என்ன வாங்கிக் கொடுப்பார்கள், ரகசியம் வைக்க எப்படிப் பழக்குவார்கள், பெற்றோரை எப்படி நண்பராக்கிக்கொள்வார்கள், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. முழு மதிப்பெண். எங்களுக்கெல்லாம் ஒன்றிரண்டு தப்பானது, எனக்கும்கூட. அந்தப் பயிற்சியை எழுதினவருக்கு இது படித்துத் தெரிந்தது. இவனுக்குச் செய்து தெரிந்தது. போதகர் மைக்கில் அவனைப் பாராட்டினார். ஒரு நிமிஷம் எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். சான்றிதழையும் வாங்கிக்கொண்டு நேரே முகாமுக்குப் போகப்போகிறான், அதுவும் நான் வாசித்த கேள்விக்குப் பதில் சொல்லி.

ஆனால் என் யோசனை அவனை மட்டும் நம்பி இல்லை. கடைசித் திரை ஒன்று இருப்பது எனக்குத் தெரியும், அதில் ஓர் உறுதிமொழி. ஒரு பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும்படி ஏதாவது கேள்விப்பட்டால், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும், உடனே போலீஸுக்கோ நலத்துறைக்கோ தெரிவிப்பேன், எங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளமாட்டேன், புரிந்துகொண்டேன். அதை அமுக்கினால்தான் பச்சை அடையாளம் வரும். அன்றைக்கு எங்களுக்கு ஒன்றும் தெரியாதே அக்கா, இந்த மாதிரி விஷயத்தில் என்ன செய்வதென்று யாருக்குத் தெரியும் என்றுதானே இத்தனை வருஷம் சொன்னார்கள்? நான் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு போனாகப் பார்த்தேன். என் தலையில் கை வைத்த ஒவ்வொருவர் போனிலும் பச்சை வந்துவிட்டதா என்று பார்த்தேன். அவன் போனிலும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் பாஸ். நல்லது. இப்ப எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றேன். வேனைச் சொன்னேன். குளுகோரைச் சொன்னேன். கிடங்கைச் சொன்னேன், திரை போட்ட ஜன்னலைச் சொன்னேன், நான் உடைத்த கண்ணாடியைச் சொன்னேன். ஓட்டினது யார் என்று கையை நீட்டிச் சொன்னேன். உள்ளே இருந்தது 'ஒரு பையன்' என்று மட்டும் சொன்னேன்.

"அக்கா, இதெல்லாம் இங்க வேண்டாம்லா. கமிட்டியில வெச்சுப் பேசிக்கலாம்" என்று தலைவர் அண்ணன் எழுந்துவிட்டார். அப்போது பாடகர் குழுவில் பாடுகிற ஒரு பெண், இருபது வயசுகூட இருக்காது, "அங்கிள், பேசித் தீர்க்கமாட்டேன்னு இப்பதானே அமுக்குனீங்க?" என்றாள். கேலியாக இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள். திரையில் அந்த வாக்கியம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அண்ணன் உட்கார்ந்துவிட்டார். அந்த உட்காருதலைப் பார்க்க நான் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருந்திருப்பேன்.

அவன் எழுந்தான். முகம் வெளுக்கவில்லை. "இந்த அக்காவ நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றான், கையை நெஞ்சில் வைத்து. நாலைந்து பேர் 'ஆமென்' என்றார்கள். எனக்கு ஹெல்மெட் ஞாபகம் வந்தது. அப்போது பின் வரிசையில் நாற்காலி நகர்ந்தது. புக்கிட் மெர்தாஜாம் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிற ஒரு தம்பி, பிறை என்ற ஊரில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். அன்றைக்குத்தான் நான் அவரை முதல்முதலாகப் பார்க்கிறேன். போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எங்களுக்கும் இவருதான் வேன் ஓட்டுனாரு. எங்க வீடும் வழியிலதான்னு சொன்னாரு."

அப்போது வெளுத்தது, கண்ணு. நான் பார்த்தேன். ஆனால் நினைத்திருந்த மாதிரி எனக்கு இனிக்கவில்லை. நம் சபை ஒரு தாயின் வாயை அடைக்க அவனைப் பாலம் தாண்டி அனுப்பியது. அங்கே இன்னொரு பிள்ளை வேனில் கடைசியாக உட்கார்ந்திருந்தது. என் பழியெல்லாம் அவன் ஒருத்தன் மேல் என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்த ஹாலில் மீ கோரெங் தட்டோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேர் மேலும்தான். அவர்களை நான் விடப்போவதில்லை.

அன்று மத்தியானமே போதகர், அந்தத் தம்பி, நான் மூவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். தம்பி தனக்கு நடந்ததைச் சொன்னார். நான் பார்த்ததைச் சொன்னேன். முகாம் நின்றுவிட்டது, அவன் பதவி போய்விட்டது, விசாரணை நடக்கிறது. கோர்ட்டுக்குப் போகுமா, நிற்குமா என்று எனக்குத் தெரியாது. போனால், அங்கேயும் அவனுக்கு நேர் பின்னால் ஒரு பெஞ்ச் இருக்கும்தானே. எனக்கு அது போதும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் பெயரை எங்கும் நான் சொல்லவில்லை. போலீஸ் கேட்டபோதும், அது என் மகன் விருப்பம், அவன் வந்தால் அவன் சொல்வான் என்றேன். நான் பார்த்தது என்னுடையது, அதை யாரிடமும் கேட்காமல் சொல்ல எனக்கு உரிமை உண்டு. உனக்கு நடந்தது உன்னுடையது, அதை நான் தொடவில்லை. "உங்களுக்கு இருக்கறது ஒரே மகன், எல்லாருக்கும் தெரியாதா?" என்று கத்தினாய். தெரியும். உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாய், நான் நின்றிருப்பேன், முகாம் நடந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை. இதற்கு நீ என்மேல் கோபப்படலாம், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் படு. நான் தாங்குவேன். அந்த முகாமுக்குப் பெயர் கொடுத்திருந்த பிள்ளைகளின் முகத்தை நான் ஞாயிறுதோறும் பார்க்கிறேன், அதைத்தான் தாங்கியிருக்கமாட்டேன்.

உன் பிள்ளை பிறந்து, பேச்சு வந்து, ஒருநாள் ஓர் இடத்துக்குப் போகமாட்டேன் என்று சொன்னால், ஏன் என்று முதலில் கேட்காதே. "சரி, போக வேண்டாம்" என்று முதலில் சொல். காரணத்தை அப்புறம் மெதுவாகக் கேட்கலாம், சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. யார் எவ்வளவு நல்லவர் என்று ஊர் சொன்னாலும் வண்டி எந்த ரோட்டில் போகிறது என்று பார். மாமாவுக்கு முத்தம் கொடு, அங்கிளுக்குக் கை கொடு என்று பிள்ளையைத் தள்ளாதே. அதற்கு இஷ்டம் இருந்தால் கொடுக்கும். ஊழியம் என்று யாராவது சொன்னால் ரெண்டு மடங்கு கேள்வி கேள். என்னைக் கசப்புப் பிடித்தவள் என்றார்கள். நீயும் கொஞ்சம் கசப்பாகவே இரு, ஒன்றும் கெட்டுவிடாது.

உனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டாயே. அதை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. போதகர் சபைக்குப் போய்விட்டார். என் மோட்டார் ஹாலிலேயே நின்றது, ஓட்ட எனக்குத் தெம்பும் இல்லை. அந்தத் தம்பி கார்ச் சாவியை வைத்துக்கொண்டு, "உங்க வீடு எங்க ஆன்ட்டி?" என்றார். ஜெலுத்தோங் என்றேன். அவர் பாலம் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும். ஜெலுத்தோங்கைத் தாண்டித்தான் போக வேண்டும். "அப்ப உங்க வீடு வழி..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் வாயில் என்ன வார்த்தை வந்து நின்றது என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். பிறகு அவர், "உங்கள முதல்ல இறக்கி விட்டுடறேன் ஆன்ட்டி" என்றார்.

கீழே காரை நிறுத்திவிட்டு, நான் மாடியேறி நம் வீட்டு விளக்கைப் போடும்வரைக்கும் அவர் போகவில்லை. இறங்கும் முன்னால் உன்னைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னார். "அவர் ஒண்ணும் பேச வேணாம் ஆன்ட்டி. நான் ஒருத்தன் இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க." சொல்லிவிட்டேன். உன் நம்பர் அவரிடம் இருக்கிறது.

என் போனை எடுக்காவிட்டால் போ. அவர் போட்டால் எடு.

அம்மா